நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கோடு

சின்ன மருமகள் படத்தைக் கொண்டுவந்து கூடத்து மேசைமேல் சாய்த்து வைத்தபோது, நான் முதலில் பார்த்தது சிங்கத்தின் கண்களை. பிறகு பிடரியை. அதற்குப் பிறகுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. பட்ட பின் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் கட்டியது. வாசல் வளைவுக்கு மேலே, இரண்டாம் மாடி உயரத்தில், சுவரிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கற்சிங்கம் தெருவைப் பார்க்கும். தபால்காரர்கள் எங்கள் கதவு எண்ணைத் தேடியதில்லை. சிங்க வீடு என்றால் போதும். சபையில் எனக்கு முன்வரிசையில் இடம் போடுகிறார்கள் என்றால் அது எனக்குப் போடும் இடமில்லை, அந்தச் சிங்கத்துக்குப் போடும் இடம். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

எதிர்க்கட்டடம் என் சம்பந்தியுடையது. அதன் முகப்பு முழுக்கக் கல்லில் கொடியும் பூவும் ஓடும். “எங்க சுவர்ல பூ பூக்குது, உங்க சுவர்ல பல்லு தெரியுது” என்பார் அவர். கல்யாணத்துக்கு முன்பும் சொன்னார், பின்பும் சொன்னார். அவருடைய மகள்தான் என் சின்ன மருமகள். நகரத்துப் பழைய கட்டடங்களின் சிற்ப வேலைகளை நீர்வண்ணத்தில் வரைவது அவள் தொழில். நூலகத்துத் தூண்களின் உச்சியில் செதுக்கிய இலைகள், பழைய நீதிமன்றத்தின் கல்மாலைகள் எல்லாம் அவள் கையில் தாளுக்கு வந்திருக்கின்றன. கடைசியாகச் சிங்கம். தன் அப்பா வீட்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்து காலைதோறும் வரைந்தாள்.

அவள் பெட்டியில் வெள்ளை வண்ணம் கிடையாது. வெளிச்சம் விழும் இடத்தில் பிரஷ்ஷைத் தொடவிடாமல் தாளை அப்படியே விட்டுவிடுவாள். அந்தத் தாள்தான் வெளிச்சம். ஒரு தடவை வண்ணம் ஏறிவிட்டால் அந்த வெள்ளை திரும்பி வராது என்று எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை விழா. பழைய கட்டடங்களைக் காக்கும் குழு எங்கள் சுவரில் ஒரு பித்தளைப் பலகை பதிக்க இருந்தது. மேயர் வந்து பலகையையும் படத்தையும் திறந்து வைப்பார், பிறகு படம் நகர அருங்காட்சியகத்துக்குப் போகும். எல்லா ஏற்பாடும் என் தம்பி. விழாவுக்காகச் சாரம் கட்டி, அழுத்தக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி முகப்பை முழுக்கக் கழுவச் செய்திருந்தான். அன்று மாலைதான் சாரத்தைப் பிரித்தார்கள். தலைமுறைக் கணக்கில் கருத்துக் கிடந்த சிங்கம் குளித்துத் தலைதுவட்டிய பிள்ளை போல் வெளுத்து நின்றது. அதை நின்று பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைந்துதான் வீட்டுக்குள் வந்தேன். வந்த இடத்தில் இந்தக் கோடு.

சிங்கத்தின் நிழல் சுவரில் சாய்ந்து விழுகிறது. நீலமும் பழுப்புமாக அருமையான நிழல். அந்த நிழலின் வேர்ப்பகுதியில், பிடரியை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது.

“இது என்னம்மா?”

“எது மாமா?”

“இந்த இடம். பிரஷ் படாம விட்டுப்போச்சா?”

“விட்டுப்போகல மாமா. விட்டிருக்கேன். அங்க வெளிச்சம் விழுது.”

“நிழலுக்குள்ள ஏதும்மா வெளிச்சம்? சுவரும் சிங்கமும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல எறும்பு போக வழியில்ல.”

“அதுதான் எனக்கும் புரியல. ஆனா வெயில் தெருவுக்குள்ள நேரா நுழையிற நேரத்துல இந்தக் கோடு தெரியுது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் காணாமப் போயிடும். சின்ன மாமாகிட்ட அப்பவே சொன்னேன். இன்ஜினியர் வந்து பார்த்துட்டு, கல்லு ஸ்ட்ராங்கா இருக்கு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாராம்.”

“பார்த்தியா? படிச்சவர் சொல்லிட்டார்.”

“அவர் வந்தது மத்தியானம், மாமா.”

என் மனைவி சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டாள். “ஏங்க, படத்துல ஒரு கோடு. அதுக்கு எதுக்கு இப்படி மூச்சு வாங்குறீங்க?”

அவளுக்குப் புரியாது. குறை இருந்தால் கதவுக்குள் பேசுவது எங்கள் குடும்பம். மேயர் கையால் திரையை விலக்கி ஊருக்குக் காட்டுவதில்லை. அதிலும் வரைந்தது யார்? எதிர்வீட்டுப் பெண். சிங்கத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் என்று படம் போட்டு, அதை அருங்காட்சியகத்தில் மாட்டியும் வைத்தால் சம்பந்தி சும்மா இருப்பாரா?

“காலையில பெட்டியைத் திறந்து அந்த இடத்தை மூடிடு. கொடி வீட்டுப் பொண்ணு சிங்கத்தை வரைஞ்சா இப்படித்தான்னு நாலு பேர் பேச இடம் வேண்டாம்.”

அவள் தலை நிமிர்ந்தது. குரல் உயரவில்லை. “நான் எந்த வீட்டுப் பொண்ணாவும் வரையல மாமா. கண்ணுக்குத் தெரிஞ்சதை வரைஞ்சேன்.”

“மூடலைன்னா படம் மேடைக்கு வராது.”

“வராட்டிப் பரவாயில்ல. ஆனா அந்தக் கோட்டை நான் மூடமாட்டேன். காலையில ஜன்னலுக்கு வாங்க மாமா. நீங்களே பாருங்க. கோடு இல்லன்னா, பிரஷ்ஷை உங்க கையில தர்றேன்.”

அவள் கணவன், என் சின்ன மகன், வேலையாக வெளியூர் போயிருந்தான். இருந்திருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் தலையாட்டியிருப்பான். இல்லாததும் நல்லதே. வார்த்தை நேராக வந்து விழுந்தது, நானும் நேராகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் சம்பந்தியின் படி ஏற வேண்டும். நான் ஏறியதில்லை. பெண் கேட்டபோதுகூட அவர்தான் இறங்கி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். ஆனாலும் காலையில் மருமகளை முன்னால் நடக்கவிட்டு, படத்தைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். வண்ணப்பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். கோடு இல்லை என்று காட்டி, அங்கேயே வைத்து அதை மூடவைத்து, விழாவுக்கு இறங்கி வருவது என் கணக்கு.

படியின் தலைப்பில் சம்பந்தி நின்றார். “அட, சிங்கம் குகையை விட்டு வந்திருக்கே! படி செங்குத்து சம்பந்தி, பிடிச்சு ஏறுங்க.”

“படி ஏறத் தெரியும்.”

“தெரியும்னு தெரியும். ஏற மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்.”

கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்.

ஜன்னல் அறையில் சாமான் அதிகமில்லை. ஒரு முக்காலி, இரண்டு தண்ணீர் ஜாடிகள், வண்ணம் ஒற்றிப் பார்த்த தாள் துண்டுகள். ஜன்னல் கண்ணாடியில் சின்னதாக ஒரு டேப் ஒட்டியிருந்தது. அதன் மூலை சிங்கத்தின் மூக்கு நுனியில் பொருந்தும்படி தலையை வைத்துக்கொண்டால்தான் தினமும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடியும் என்றாள். அவள் உயரத்துக்கு ஒட்டிய டேப். நான் முக்காலியில் உட்கார்ந்து முதுகை வளைத்துக் குனிந்தேன். எனக்கு அது பழக்கமில்லை.

கீழே விழா கூடிக்கொண்டிருந்தது. வாசல் வளைவின் கீழே மேடை. மேடைக்கு ஏறும் எங்கள் கற்படிகளில் ஒரு பள்ளியின் பாட்டுக் குழுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்வரிசை நாற்காலியில் என் மனைவி புதுச் சேலையில், கையில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தம்பி மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ” என்றான். இவர்கள் எல்லோருக்கும் மேலே சிங்கம்.

வெயில் தெருவின் கோடியிலிருந்து கூரைகளைத் தாண்டி வந்தது. முதலில் கொடி வீட்டுப் பூக்களின் ஓரம் மினுங்கியது, பிறகு எங்கள் முகப்பு முழுவதும். சிங்கத்தின் நிழல் சுவரில் நீளமாக விழுந்தது. கருப்பு, முழுக் கருப்பு. ஒரு கீறல் இல்லை.

“எங்கம்மா உன் கோடு?”

“இருங்க மாமா.”

“இருந்துட்டேன். நிழல் வந்தாச்சு. கோடு வரல.”

சொன்ன சொல் சொல்தான் என்பது போல் அவள் பிரஷ்ஷை எடுத்து என் பக்கம் நீட்டினாள். உதடு வெளுத்திருந்தது. நான் வாங்கினேன். ஜாடியில் நனைத்தேன். நீலத்தைத் தொட்டுப் பழுப்போடு குழைத்தேன். படம் என் மடியில் இருந்தது. பிரஷ்ஷின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

கடைசியாக ஒரு தடவை டேப்பின் மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோனேன்.

தீக்குச்சி உரசியது போல் நிழலின் உச்சியில் ஒரு பொறி தெரிந்தது. பொறி நீண்டு, பிடரியை ஒட்டிக் கீழே இறங்கி, கழுத்தைத் தாண்டித் தோள் வரை வந்து நின்றது. சுவருக்கும் சிங்கத்துக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கமாக வெளியேறும் வெயில் அது. தாளில் இருப்பது நூல். சுவரில் நான் பார்த்தது கட்டைவிரல் பருமன்.

“ஏம்மா,” என்றேன். “நீ இதை மெல்லிசா வரைஞ்சிருக்கே.”

“சாரம் கட்டுறதுக்கு முன்னாடி வரைஞ்சது மாமா.” அவளும் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். “அப்ப அவ்வளவுதான் இருந்துச்சு.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பிரஷ்ஷை ஜாடியில் போட்டேன். படத்தை அவள் கையில் கொடுத்தேன். அந்தச் செங்குத்துப் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

தெருவில் கால் வைத்ததும் ஒன்று புரிந்தது. கத்தக் கூடாது. கத்தினால் பிள்ளைகள் சிதறுவார்கள், நாற்காலிகள் உருளும், எல்லாம் அந்த வாசலிலேயே முட்டிக்கொள்ளும். நடந்து போய்த் தம்பியின் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்தேன்.

“மேடையை மாத்து. ஆளுங்களை இங்கிருந்து எடு.”

“என்னண்ணே சொல்றீங்க? மேயர் கார் திருப்பத்துக்கு வந்தாச்சு!”

“சிங்கம் சுவரை விட்டு நகர்ந்திருக்கு.”

இன்ஜினியர் சிரித்தபடி வந்தார். “ஐயா, நான் தட்டிப் பார்த்துட்டேன். பாறை மாதிரி இருக்கு.”

“மத்தியானம் தட்டினீங்க. காலையில வந்து நிழலைப் பார்த்தீங்களா?”

“நிழலை எதுக்குங்க பார்க்கணும்?”

“அண்ணே,” தம்பி என் கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். “ஊரே உக்காந்திருக்கு. நம்ம வாசல்ல, நம்ம வாயால, நம்ம சிங்கத்தையா? தாத்தா பேரு என்னாகும்? ஒரு மணி நேரம் பொறுங்க. விழா முடியட்டும், நானே ஏணி போட்டுப் பார்க்கிறேன்.”

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் மாலை என் வாயிலிருந்து வந்ததும் அதே பேச்சுதான். பாட்டனார் பெயர் என்றதும் எனக்கும் கால் ஒரு கணம் நின்றது. மேலே பார்த்தேன். கீழே இருந்து பார்க்கையில் சிங்கம் எப்போதும்போல் கம்பீரமாகத்தான் இருந்தது. அதன் தாடைக்கு நேர்கீழே, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் பாட்டு வரிகளை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பேரு அந்தப் பொண்ணு தலையில விழக் கூடாது,” என்றேன். “கையை விடு.”

விட்டான்.

பாட்டு டீச்சரிடம் போனேன். “அம்மா, பிள்ளைங்களை எதிர்ப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. ஓட வேண்டாம். பாடிக்கிட்டே நடக்கட்டும்.”

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், அண்ணாந்து ஒரு தடவை மேலே பார்த்தார், வேறு கேள்வி கேட்கவில்லை. கையை உயர்த்தினார். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படியாக, ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து இறங்கினார்கள். பாட்டு நடுவில் பிசிறவில்லை. கடைசிப் பிள்ளை நிழலைத் தாண்டி வெயிலுக்குள் போனதும், நாற்காலிகளில் இருந்தவர்களையும் எழுப்பி அனுப்பினேன்.

முன்வரிசையில் ஒரே ஒருத்தி எழுந்திருக்கவில்லை.

“எழுந்திரு,” என்றேன்.

“நேத்து நீங்கதானே இந்த இடத்துலதான் உக்காரணும்னு சொன்னீங்க?” என்றாள் என் மனைவி.

“இப்ப எழுந்திருன்னு சொல்றேன்.”

அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். எழுந்தாள். “என்னங்க, உங்க சிங்கம் உங்களையே கடிக்க வருதா?” என்றாள் மெதுவாக. நான் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் தெருவின் நடுவில் நின்றார்கள். மேயர் கார் வந்து, போக வழியில்லாமல் நின்றது. எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. இடம் இருந்தது எதிரில்தான். அகலப் படிகள், முகப்பு முழுக்கக் கல்பூக்கள்.

நான் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தேன். அவர் அங்கே நின்றிருந்தார்.

“சம்பந்தி!” என்று கூப்பிட்டேன், தெரு கேட்க. “உங்க வாசலைக் கொடுங்க.”

என் வயதுக்கு நான் யாரிடமும் இடம் கேட்டதில்லை.

அவர் இறங்கி வந்தார். நான் எதிர்பார்த்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கி, அதை ஆன் செய்து, ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசினார்: “மன்னிக்கணும், தப்பு என் பேர்லதான். என் பொண்ணு வரைஞ்ச படத்தை என் வாசல்லதான் திறக்கணும்னு நான் அடம் பிடிச்சேன். பெரிய மனுஷர், விட்டுக்கொடுத்துட்டார். எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!”

சனம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். தம்பியின் முகத்தில் உயிர் வந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், எங்கள் மீசையில் மண் ஒட்டியிருக்காது. சம்பந்தி எனக்குக் கொடுத்தது அதுதான். பெரிய மனது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தால் நான் சொல்லிக்கொள்வேன், அடுத்தவர் தானமாகக் கொடுத்து வாங்கமாட்டேன்.

கையை நீட்டினேன். அவர் தயங்கினார். “வேண்டாம் சம்பந்தி,” என்றார் எனக்கு மட்டும் கேட்க.

“கொடுங்க.”

கொடுத்தார்.

“சம்பந்தி நல்ல மனசுல சொல்றார். அது உண்மையில்ல,” என்றேன். “எங்க சிங்கம் சுவரை விட்டு விலகி நிக்குது. அதைக் கண்டுபிடிச்சது இன்ஜினியர் இல்ல, நானும் இல்ல. எங்க வீட்டு மருமக. படத்துல அதையும் வரைஞ்சிருக்கா. அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அவ அழிக்கல. அதனாலதான் நாம எல்லாரும் இந்தப் பக்கம் நிக்கிறோம்.”

யாரும் கைதட்டவில்லை. அவ்வளவு பேரும் அண்ணாந்து எங்கள் சுவரைப் பார்த்தார்கள். வெயில் திரும்பிவிட்டிருந்தது. கோடு போய்விட்டது. சுத்தமான, குறையற்ற நிழல். இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். யாரோ பின்னால், “பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றார்கள். அது என் காதில் நன்றாகவே விழுந்தது.

சாரக் கம்பிகளை ஏற்ற வந்த லாரி முனையில் நின்றிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு ஏணி போடச் சொன்னேன். நேராக அல்ல, பக்கவாட்டில், தள்ளி. அவர் ஏறினார். மேயரும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தார். சிங்கத்தின் பிடரிக்குப் பின்னால், பிளவு அகன்றிருந்த மேல்முனையில், கொத்தனார் மெதுவாகக் கையை நுழைத்தார். விரல்கள் மறைந்தன. உள்ளங்கை மறைந்தது. மணிக்கட்டில் போட்டிருந்த கயிறும் மறைந்தது.

கையை வெளியே எடுத்துத் தெருவைப் பார்த்து விரித்துக் காட்டினார். துருவில் சிவந்திருந்தது.

“ஐயா,” என்று மேலிருந்தே சொன்னார், குரலை உயர்த்தாமல், சத்தம் போட்டால் கல்லுக்குக் கேட்டுவிடும் என்பது போல. “உள்ள பிடிச்சிருந்த இரும்பு உப்பிப் பிளந்துபோச்சு. அடியில கொஞ்சம் கல்லு தாங்குது. அவ்வளவுதான் நிக்குது. நான் இறங்கிக்கிறேன்.”

அன்று சாயங்காலத்துக்குள் சங்கிலி போட்டு, சாக்குச் சுற்றி, சிங்கத்தை இறக்கினார்கள். இரும்புப் பிடிகள் பல வருஷமாகத் துருப்பிடித்துப் பருத்துக் கல்லைத் தள்ளியிருக்கின்றன. பீய்ச்சிய தண்ணீர் மீதி வேலையை முடித்திருக்கிறது. கல்லில் ஒரு குறையும் இல்லை, குறை இரும்பில்தான். இதை நான் எல்லோரிடமும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஊர் பேசாமல் இருக்கவில்லை. சிங்கமில்லாத சிங்க வீடு என்றார்கள். தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்தார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அருங்காட்சியகத்தில் மட்டும் ஒரு நாள் என் குரல் உயர்ந்தது. அங்கே ஒரு அதிகாரி படத்தைக் காட்டி, “இந்த இடத்துல பெயின்ட் விட்டுப்போயிருக்கு சார், நம்ம ஆளைவிட்டுச் சரி பண்ணிடலாமா?” என்றார். தொட்டால் படத்தை அங்கேயே சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போவேன் என்றேன். யாருடைய வேலை என்று கேட்டார். என் மருமகள் என்றேன். கொடி வீட்டுப் பெண் என்று சொல்லத் தோன்றவில்லை.

துருப்பிடிக்காத கம்பிகள் போட்டுச் சிங்கத்தை மறுபடி ஏற்றினார்கள். ஏற்றிய மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமல், நான் சம்பந்தியின் படி ஏறினேன். மருமகள் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். டேப்பை என் உயரத்துக்கு மாற்றி ஒட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று குனிந்து உட்கார்ந்தேன்.

வெயில் வந்தது. நிழல் விழுந்து நீண்டது. பொறி வரவேண்டிய நேரத்தில் என் கை ஜன்னல் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நேரம் வந்தது, போனது. நிழல் சுருங்கத் தொடங்கியது. நான் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன சம்பந்தி, ஏதாவது தெரியுதா?” என்றார் அவர், இரண்டு டம்ளர் காப்பியோடு பின்னால் நின்று.

“ஒண்ணும் தெரியல.”

“அதைப் பார்க்கவா இவ்வளவு நேரம்?”

“ஆமா,” என்று காப்பியை வாங்கிக்கொண்டேன். “நாளைக்கும் வருவேன்.”